வாட்டர் அட்டமைசேஷன் பவுடரில் ஆக்சிஜன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் உலோகப் பவுடர் வேலையில் இருக்கும் தமிழர்கள் நிறையப் பேர். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலத்திலிருந்து டிப்ளமோ முடித்து வந்தவர்கள், ஃபர்னஸ் ஆபரேட்டர்கள், சின்னதாக சிண்டரிங் (அழுத்திய பவுடரை உருகாமல் சூட்டில் இறுக்கிப் பாகமாக்குவது) யூனிட் நடத்துபவர்கள், பவுடர் வாங்கி விற்பவர்கள் என்று பலவிதம். இவர்கள் தங்களுக்குள் தமிழில்தான் கேட்டுக்கொள்கிறார்கள். எழுதிவைத்த பதில் மட்டும் தமிழில் கிடைப்பதில்லை. பவுடர் சோதிக்கும் வேலையில் இருப்பதால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். லேப் ரிப்போர்ட்டில் இருக்கும் ஆக்சிஜன் எண்ணை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள் என்பதுதான் என் வாதம். அது எந்த வழியாக உள்ளே வந்தது, துகளில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் என்ன செய்வது என்று தெரியும்.

வாட்டர் அட்டமைசேஷனில் பவுடர் எப்படி உண்டாகிறது?

இண்டக்‌ஷன் ஃபர்னஸில் உருக்கிய உலோகத்தை டன்டிஷ் என்ற இடைத்தொட்டியில் ஊற்றுவோம். டன்டிஷின் அடியில் சில மில்லிமீட்டர் அகல நாசில். அதிலிருந்து மெல்லிய தாரையாக விழும் உலோகத்தை, டவர் என்னும் மூடிய உயரமான அறைக்குள் நாலாபுறமிருந்தும் உயர் அழுத்தத் தண்ணீர் தாக்கும். வழக்கமான இரும்புப் பவுடருக்கு 50 முதல் 200 பார் வரை அழுத்தம் போதும். மிக நுண்ணிய பவுடர் வேண்டுமென்றால் அதற்கும் பல மடங்கு மேலே போவார்கள். தாரை சிதறித் துளியாகி, நொடிக்கு ஆயிரம் முதல் ஒரு லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்ந்து உறைந்துவிடும். உருண்டையாவதற்கு நேரமே கிடைக்காததால் துகள்கள் கோணல்மாணலாக இருக்கும். அச்சில் அழுத்தும்போது ஒன்றோடொன்று பின்னிப் பிடித்துக்கொள்வதால் பிரஸ் வேலைக்கு இந்தக் கோணல் வடிவம்தான் நல்லது. வாயுவால் உடைக்கும் முறையைவிட செலவும் குறைவு. ஆனால் உருகிய உலோகத்தைத் தண்ணீரோடு மோதவிடுவதால் ஆக்சிஜன் கூடவே வருகிறது.

எவ்வளவு இருந்தால் சாதாரணம்?

முதலில் அலகைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, 1 சதவீதம் என்பது 10,000 பிபிஎம். 0.2 சதவீதம் என்றால் 2,000 பிபிஎம். ஒருவர் சதவீதத்திலும் இன்னொருவர் பிபிஎம்மிலும் பேசி, ஒரு பூஜ்ஜியத்தை விட்டுவிட்டு சண்டை போடுவது உண்டு.

டவரிலிருந்து இறங்கியதும், அனீல் (வாயுச் சூழலில் சூடாக்கி ஆக்சைடை எடுத்து மென்மையாக்குவது) செய்வதற்கு முன், இரும்புப் பவுடரில் 0.5 முதல் 1 சதவீதம் வரை ஆக்சிஜன் இருப்பது வழக்கம். ஹைட்ரஜனில் அனீல் செய்தபின் 0.1 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். 316 எல் ஸ்டெயின்லெஸ் வாட்டர் பவுடரில் 0.2 முதல் 0.3 சதவீதம் சகஜம். அதே 316 எல், வாயுவில் செய்ததாக இருந்தால் சில நூறு பிபிஎம்தான். ஆகவே “2,500 பிபிஎம் இருக்கிறது, இது கெட்ட பவுடரா?” என்று மட்டும் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த உலோகம், எந்த முறை, அனீலுக்கு முன்னா பின்னா, எவ்வளவு நுண்மை என்ற நாலும் வேண்டும்.

இந்த ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது?

பல வழி. எல்லாரும் தண்ணீரைத்தான் முதலில் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் முழுக் கதை இல்லை.

முதல் வழி ஃபர்னஸ். துருப்பிடித்த ஸ்கிராப், நனைந்த சார்ஜ் (உருக்கப் போடும் சரக்கு), சரியாக வாராத கசடு, அரிக்கும் லைனிங் எல்லாம் மெல்ட்டிலேயே (உருகிய உலோகத்திலேயே) ஆக்சிஜனைக் கொண்டுவந்து சேர்க்கும். கசடுத் துணுக்குகள் நாசில் வழியே போய்த் துகளுக்குள் சிக்கிக்கொண்டால் அதற்குப்பிறகு எந்த அனீலிங்கும் அவற்றை எடுக்காது. அதனால்தான் மெல்ட்டைப் பற்றிக் கத்திக்கொண்டே இருக்கிறேன். இந்த இடத்தில் கோட்டை விட்டால் பிறகு திருத்த வழியில்லை.

இரண்டாவது, ஊற்றும்போது படும் காற்று. டன்டிஷில் உலோகம் நிற்கும் நேரம், தாரை காற்றில் விழும் தூரம் இரண்டும் கணக்கில் வரும். மெல்ட்டைத் தேவைக்கு மேல் சூடாக்கினால் ஆக்சிஜனேற்றமும் கூடும். நாசில் உறையக்கூடாது என்ற பயத்தில் கூட ஐம்பது டிகிரி ஏற்றிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. டன்டிஷை நன்றாக முன்சூடு செய்தால் அந்த ஐம்பது டிகிரி தேவைப்படாது.

மூன்றாவதுதான் தண்ணீர். இரும்பு சூடாக இருக்கும்போது நீராவியிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு ஹைட்ரஜனை விட்டுவிடும். சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் முத்து முத்தாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், நடுவில் ஒரு ஆவிப்படலம் இருப்பதால்தான் அப்படி ஓடுகிறது. துளியைச் சுற்றியும் அதேபோல ஆவிப்படலம் உண்டாகும். அந்தப் படலம் நீடிக்கும் வரை துளி மெதுவாகக் குளிரும், நீராவியோடு வினைபுரிந்துகொண்டும் இருக்கும். தண்ணீரின் அழுத்தம் படலத்தைக் கிழித்துவிட்டால் குளிர்ச்சி வேகமாகும்.

நான்காவது வழியை யாருமே கவனிப்பதில்லை. அது, ஈரமாகக் கிடக்கும் நேரம். பவுடர் சேறாக டவரின் அடியில் தங்கி, வடிகட்டப்பட்டு, உலரும் வரை துரு ஏறிக்கொண்டே இருக்கும். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை நீக்கிவிட்டால் பிரச்சனை தீருமா?

இதற்கு மிஷின் விற்க வருபவர்கள் உண்டு, அதனால் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே இன்னும் கொஞ்சம் குறைவு. ஒரு கிலோ உலோகத்துக்கு 10 லிட்டர் தண்ணீர் அடிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரைந்த ஆக்சிஜன் முழுவதும் உலோகத்தில் ஒட்டிக்கொண்டால்கூட 80 மில்லிகிராம், அதாவது 80 பிபிஎம்தான். உங்கள் பவுடரில் 3,000 பிபிஎம் இருக்கிறது. மீதி 2,900 சொச்சம் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. இரும்பு தண்ணீர் மூலக்கூறையே உடைக்கும்போது கரைந்த ஆக்சிஜனை நீக்கி என்ன பயன்? அந்தப் பணத்தை டவருக்குள் நைட்ரஜன் விடுவதில் போடுங்கள், அல்லது உலர்த்தியில் போடுங்கள்.

நைட்ரஜன் விடுவது ஆக்சிஜனைக் குறைக்கவா, பாதுகாப்புக்கா?

இரண்டுக்கும்தான். ஆனால் பாதுகாப்பை முதலில் வைக்கிறேன்.

மேலே சொன்ன 3,000 பிபிஎம் முழுவதும் நீராவியிலிருந்து வந்தது என்று கொள்வோம். ஒரு கிலோ பவுடருக்கு 3 கிராம் ஆக்சிஜன். அதற்கு ஈடாக வெளியேறும் ஹைட்ரஜன் 0.4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் அறை வெப்பத்தில் அது நாலரை லிட்டர் வாயு. 200 கிலோ ஹீட் (ஒரு தடவை உருக்கி ஊற்றும் அளவு) ஓட்டினால் 900 லிட்டர். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கக்கூடிய கலவை ஆகிவிடும், 75 சதவீதம் வரை அந்த ஆபத்து நீடிக்கும். மேலே உருகிய உலோகம் விழுந்துகொண்டிருக்கிறது, தீப்பொறிக்குத் தனியாக எதுவும் வேண்டாம்.

ஆகவே ஊற்றத் தொடங்கும் முன்பே டவரை நைட்ரஜனால் நிரப்புங்கள். ஹைட்ரஜன் மேலே ஏறித் தங்கும், எனவே டவரின் உச்சியில் மூடிய மூலை எதுவும் இல்லாமல் வெளியேறும் குழாய் இருக்க வேண்டும். ஊற்றி முடித்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள், நைட்ரஜன் சிறிது நேரம் ஓடட்டும். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாளே இதை அவர்கள் மொழியில் சொல்லிவிடுங்கள். எச்சரிக்கைப் பலகை கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும் யூனிட்டில் தமிழ், இந்தி, ஒடியா பேசுபவர்கள்தான் டவர் பக்கத்தில் நிற்கிறார்கள். இது எனக்குத் தீராத கவலை.

ஆக்சிஜனைப் பொறுத்தவரை, தாரைகள் உள்ளே இழுக்கும் காற்றின் பங்கை நைட்ரஜன் நீக்கும். தண்ணீரின் பங்கை நீக்காது.

தாமிரப் பவுடருக்கும் இதே கணக்குதானா?

இல்லை. தாமிரத்துக்கு நீராவியை உடைக்கும் சக்தி கிடையாது. நிக்கலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே தாமிரப் பவுடரில் ஆக்சிஜன் அதிகமாக வந்தால் டவருக்குள் இருந்த காற்றையும் மெல்ட்டையும் சந்தேகப்படுங்கள். உருகிய தாமிரம் ஆக்சிஜனைத் தாராளமாகக் கரைத்துக்கொள்ளும், மரக்கரி போட்டு மூடாமல் உருக்கினால் சீக்கிரமே ஏறிவிடும். பாஸ்பரஸ் போட்டு ஆக்சிஜனை எடுக்கலாம், ஆனால் மின்கடத்துத் திறன் அடிபடும். தாமிரத்தில் நைட்ரஜன் நிரப்பியதும் கிடைக்கும் பலன் இரும்பில் கிடைப்பதைவிடத் தெளிவாகத் தெரியும்.

இன்னொன்று. தாமிரத் துகளுக்குள் ஆக்சைடு இருக்க, அதை ஹைட்ரஜனில் சிண்டர் செய்தால் உள்ளேயே நீராவி உண்டாகும். வெளியேற வழியில்லாமல் அது உப்பி, விரிசல் விடும். பாகம் வீங்கிவிட்டது என்று ஃபர்னஸ்காரரைத் திட்டுவதற்கு முன் பவுடரைப் பாருங்கள்.

ஸ்டெயின்லெஸ் பவுடரில் சிலிக்கான் ஏன் இவ்வளவு போடுகிறார்கள்?

நல்ல கேள்வி. குரோமியத்துக்கு ஆக்சிஜன் மேல் ஆசை அதிகம், மாங்கனீஸுக்கு இன்னும் அதிகம், சிலிக்கானுக்கு அதைவிட அதிகம். 1944இல் ஹரால்ட் எல்லிங்கம் வரைந்த வரைபடத்தில் இந்த வரிசை அப்படியே இருக்கும், எந்த உலோகவியல் மாணவரும் அதைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. வாட்டர் அட்டமைசேஷனுக்குப் போகும் ஸ்டெயின்லெஸ் மெல்ட்டில் சிலிக்கானை 0.7 முதல் 1 சதவீதம் வரை வைப்பார்கள், மாங்கனீஸை 0.3 சதவீதத்துக்குக் கீழே இறக்குவார்கள். துளியின் மேல் சிலிக்கா படலம் ஒன்று மெல்லியதாகப் படர்ந்து, குரோமியம் மேலும் ஆக்சிஜனேற்றம் ஆகாமல் தடுக்கும். மாங்கனீஸ் அதிகமிருந்தால் படலம் அந்தக் காவலைச் சரியாகச் செய்யாது.

மார்க்கெட்டில் கிடைக்கும் சாதாரண 304 அல்லது 316 ஸ்கிராப்பில் மாங்கனீஸ் 1 சதவீதத்துக்கு மேல் இருப்பது வழக்கம், 2 வரைகூடப் போகலாம். அதை அப்படியே உருக்கி அட்டமைஸ் செய்துவிட்டு ஆக்சிஜன் ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான். முதலில் மெல்ட்டின் கெமிஸ்ட்ரியைக் காட்டுங்கள்.

அலுமினியம் போட்டு மெல்ட்டில் ஆக்சிஜனை எடுக்கலாமே என்பார்கள். எடுக்கும். ஆனால் உண்டாகும் அலுமினா நாசிலை அடைக்கும், மிச்சம் பவுடரில் தங்கும், பின்னால் எடுக்கவும் முடியாது.

நுண்ணிய பவுடரில் ஆக்சிஜன் ஏன் கூடுகிறது?

பரப்பு கூடுவதால். உருண்டை என்று வைத்துக்கொண்டால், 100 மைக்ரான் இரும்புத் துகளைவிட 10 மைக்ரான் துகளுக்கு ஒரு கிராமுக்குரிய பரப்பு பத்து மடங்கு. துகளின் மேல் 5 நானோமீட்டர் தடிமனில் இரும்பு ஆக்சைடு படலம் இருந்தால், 100 மைக்ரானில் அது சுமார் 50 பிபிஎம் காட்டும், 10 மைக்ரானில் சுமார் 500.

இந்தக் கணக்கை இன்னொரு பக்கமிருந்தும் பயன்படுத்தலாம். உங்கள் 100 மைக்ரான் பவுடரில் 8,000 பிபிஎம் வருகிறது என்றால், அது மேற்பரப்புப் படலம் மட்டுமே என்று சொல்ல 700 நானோமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டும். துகள் கோணல்மாணலாக இருப்பதால் நிஜமான பரப்பு உருண்டையைவிட மூன்று மடங்கு என்று வைத்தாலும் 250 நானோமீட்டர் வந்துவிடும். அது மெல்லிய படலம் இல்லை, கண்ணுக்கே கருப்பாகத் தெரியும் அடுக்கு. கையில் எடுத்துப் பார்த்தால் பவுடர் வெள்ளிச் சாம்பலாகப் பளபளக்கிறது, ரிப்போர்ட் மட்டும் 8,000 என்கிறது என்றால், ஆக்சிஜன் உள்ளே இருக்கிறது, அல்லது பவுடர் ஈரமாக இருக்கிறது, அல்லது ரிப்போர்ட் தவறு.

லாட்டில் (ஒரே தடவையில் தயாரான சரக்கில்) நுண்துகள் பங்கு மாறினாலே ஆக்சிஜன் மாறும் என்பதையும் மறக்காதீர்கள். சந்தேகம் வந்தால் 45 மைக்ரான் சல்லடைக்குக் கீழே விழுவதைத் தனியாகவும் மேலே நிற்பதைத் தனியாகவும் சோதித்துப் பாருங்கள்.

ஒரே பவுடருக்கு இரண்டு லேப் இரண்டு எண் தருகிறது. யாரை நம்புவது?

இரண்டு பேரும் சரியாகவே செய்திருக்கலாம்.

ஆக்சிஜன் அளக்கும் வழக்கமான முறை இது: சிறிதளவு பவுடரை கிராஃபைட் மூசையில் போட்டு, ஹீலியம் ஓட்டத்தில் 2,000 டிகிரிக்கு மேல் உருக்குவார்கள். ஆக்சைடில் உள்ள ஆக்சிஜன் கார்பனோடு சேர்ந்து வாயுவாக வெளியேறும், அதை அகச்சிவப்புக் கதிரால் அளப்பார்கள். இந்த மிஷினுக்குத் துருவில் உள்ள ஆக்சிஜனும் ஈரத்தில் உள்ள ஆக்சிஜனும் ஒன்றுதான். பவுடரில் வெறும் 0.05 சதவீதம் ஈரம் இருந்தால் 440 பிபிஎம் ஆக்சிஜன் கூடுதலாகத் தெரியும். ஆகஸ்ட் மாத மழையில் ஜிப்லாக் கவரில் போட்டு பைக்கில் அனுப்பிய சாம்பிளும், நைட்ரஜனில் சீல் செய்து அனுப்பிய சாம்பிளும் எப்படி ஒரே எண்ணைத் தரும்?

அடுத்து சாம்பிள் எடுத்த விதம். டிரம்மை லாரியில் கொண்டுவரும்போது குலுங்கிக் குலுங்கி நுண்துகள் கீழே இறங்கிவிடும். மேலே ஒரு கரண்டி அள்ளினால் பெரிய துகள்கள்தான் வரும். சாம்பிள் எடுக்கும் குழாயால் டிரம்மின் மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் எடுத்து, ஸ்ப்ளிட்டரில் சமமாகப் பிரித்து, இரண்டு லேபுக்கும் ஆளுக்கொரு பாதியை அனுப்புங்கள். அதற்குப்பிறகும் வித்தியாசம் இருந்தால் மூசையை முன்கூட்டியே சூடாக்கி வாயு நீக்கினார்களா, வெறும் கேப்ஸ்யூலின் அளவைக் கழித்தார்களா, எந்தத் தர மாதிரியை வைத்து அளவீட்டைச் சரிபார்த்தார்கள் என்று கேளுங்கள். என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேப் என்றால் அந்தக் குறிப்பிட்ட சோதனை அவர்கள் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். லேபுக்கு அங்கீகாரம் இருப்பதால் எல்லாச் சோதனைக்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

ஹைட்ரஜன் லாஸ் டெஸ்ட் போதாதா? அது மலிவு.

இரும்புக்கும் தாமிரத்துக்கும் தினசரி கண்காணிப்புக்குப் போதும். ஐஎஸ்ஓ 4491 தரத்தின் இரண்டாம் பகுதி அதுதான். பவுடரை ஹைட்ரஜனில் சூடாக்கி, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது. ஆனால் சிலிக்கா, அலுமினா போன்றவை அந்தச் சோதனையில் அசையாது. கார்பன், கந்தகம் போனாலும் எடை குறையும், அதையும் ஆக்சிஜன் கணக்கில் சேர்த்துவிடுவோம். அதே தரத்தின் நான்காம் பகுதி மொத்த ஆக்சிஜனை அளக்கிறது.

நான் விரும்புவது இரண்டையும் செய்து ஒப்பிடுவது. மொத்தம் 0.30, ஹைட்ரஜன் லாஸ் 0.27 என்றால் பெரும்பகுதி எடுக்கக்கூடிய இரும்பு ஆக்சைடு, அனீலிங்கை ஒழுங்குபடுத்தினால் போதும். மொத்தம் 0.30, ஹைட்ரஜன் லாஸ் 0.10 என்றால் உங்கள் பிரச்சனை ஃபர்னஸ் மேடையில் இருக்கிறது, அனீலிங்கில் எத்தனை மணி நேரம் கூட்டினாலும் தீராது. இரண்டு பவுடரும் ரிப்போர்ட்டில் ஒரே 3,000 பிபிஎம்.

அனீலிங் செய்தும் ஆக்சிஜன் இறங்கவில்லை. ஏன்?

இரும்புப் பவுடரை 800 முதல் 1,000 டிகிரி வரை பெல்ட் ஃபர்னஸில் ஹைட்ரஜன் அல்லது உடைத்த (ஹைட்ரஜனும் நைட்ரஜனுமாகப் பிரித்த) அம்மோனியாவில் ஓட்டுவது வழக்கம். இரும்பு ஆக்சைடு சுலபமாக இறங்கும். இறங்கவில்லையென்றால் நான் பார்க்கும் வரிசை இது.

பெல்ட்டின் மேல் பவுடர் எவ்வளவு உயரம்? உற்பத்தியைக் கூட்ட வேண்டுமென்று அள்ளிக் கொட்டினால் அடியில் உண்டாகும் நீராவி மேலே வரமுடியாமல் அங்கேயே நிற்கும். மேல்பகுதி வெள்ளையாகவும் அடிப்பகுதி மங்கலாகவும் வந்தால் இதுதான் காரணம். அப்புறம் ட்யூ பாயிண்ட், அதாவது வாயுவில் உள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. பலர் அதை வாயு உள்ளே நுழையும் குழாயில் அளந்து மைனஸ் 50 என்று சந்தோஷப்படுவார்கள். துகள் இருக்கும் இடத்தில் என்ன என்பதுதான் முக்கியம், ஆகவே சூடான பகுதியிலிருந்து மாதிரி எடுத்து அளக்கவேண்டும். மைனஸ் 40 என்றால் வாயுவில் நீராவி சுமார் 130 பிபிஎம், பூஜ்ஜியம் டிகிரி என்றால் 6,000 பிபிஎம். இரும்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். குரோமியம் கலந்த பவுடர் பொறுக்காது, அதற்கு மைனஸ் 40க்குக் கீழேயும் 1,100 டிகிரிக்கு மேலேயும் போகவேண்டும். சிலிக்கான், அலுமினியம் ஆக்சைடுகளை வழக்கமான பெல்ட் ஃபர்னஸில் எடுக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

கடைசியாகக் குளிர்விக்கும் பகுதி. சூடான பகுதியில் சுத்தமான பவுடர், வெளிவாசலில் உள்ளே நுழையும் காற்றால் மறுபடி நிறம் மாறும். நீலமாகவோ வைக்கோல் நிறமாகவோ வெளியே வந்தால் அந்தப் பக்கம் பாருங்கள்.

அனீல் செய்தபின் கேக்காக ஒட்டியதை அரைப்பதும் கவனிக்க வேண்டியதே. வேகமாக அரைத்தால் துகள் இறுகிவிடும், சூடேறி மறுபடி ஆக்சிஜன் ஏறும், அனீலிங்கில் கிடைத்த மென்மையில் பாதி போய்விடும்.

பவுடர் நல்லதுதான், ஆனால் பாகத்தில் கார்பன் குறைகிறது என்கிறார் வாடிக்கையாளர்.

ஆக்சிஜன்தான் கார்பனைத் தின்கிறது. சிண்டரிங்கில் இரண்டும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். 16 பங்கு ஆக்சிஜனுக்கு 12 பங்கு கார்பன். பவுடரில் 0.2 சதவீத ஆக்சிஜன் இருந்து, அத்தனையும் இந்த வழியில் போனால் 0.15 சதவீத கார்பன் காலி. 0.8 சதவீத கிராஃபைட் (கார்பன்) கலந்தவருக்கு 0.65 தான் மிஞ்சும். ஹைட்ரஜன் அதிகமுள்ள சூழலில் ஒரு பகுதியை ஹைட்ரஜன் எடுத்துக்கொள்ளும், நைட்ரஜன் அதிகமென்றால் கார்பன் மேல்தான் சுமை. லாட்டுக்கு லாட் ஆக்சிஜன் ஏறி இறங்கினால் பாகத்தின் கடினத்தன்மையும் ஏறி இறங்கும். எனக்கு சராசரி கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் ஒரே அளவாக வரும் பவுடர் மேல், ஏனென்றால் கிராஃபைட்டை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை அட்டமைஸ் செய்து திங்கட்கிழமை உலர்த்தினால் என்ன ஆகும்?

இரும்பென்றால் துரு. ஈரமான நுண்ணிய இரும்பைக் குவித்துவைத்தால் துருப்பிடிக்கும் வினையிலேயே வெப்பம் உண்டாகி, அந்த வெப்பம் வினையை இன்னும் வேகப்படுத்தும். குவியலின் நடுவில் கைவைத்தால் சூடு தெரியும். டவரில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அந்த ஒன்றரை நாளில் எல்லாம் வீண்.

சனிக்கிழமை மதியம் ஹீட் போடாமல் இருப்பதுதான் செலவில்லாத வழி. போட்டே ஆகவேண்டுமென்றால் அன்றே வடிகட்டி, வெற்றிட உலர்த்தியில் போட்டுவிட்டுப் போங்கள். திறந்த தட்டில் காற்றில் சூடாக்கி உலர்த்துவது கூடாது.

சுழற்சித் தண்ணீரின் தரமும் இங்கேதான் முக்கியம். போர்வெல் தண்ணீரில் குளோரைடும் உப்பும் இருக்கும், மறுபடி மறுபடி சுற்றுவதால் ஆவியாகி உப்பு அடர்ந்துகொண்டே போகும். காவிரித் தண்ணீர் கிடைத்தாலும் மாதக்கணக்கில் மாற்றாமல் சுற்றினால் அதுவும் அதே நிலைதான். தண்ணீரின் பிஎச் அளவை 10 பக்கம் வைத்தால் இரும்பில் துரு மெதுவாகும். கடத்துத்திறன் மீட்டர் ஒன்றை வாங்கி தினமும் எழுதிவையுங்கள், அது பெரிய விலை இல்லை.

பெங்களூரு மழைக்காலத்தில் ஸ்டோரேஜ்?

ஜூனிலிருந்து அக்டோபர் வரை காற்றில் ஈரம் அதிகம். நைட்ரஜன் ஊதி, சிலிக்கா ஜெல் போட்டு, மூடி இறுக்கமான டிரம்மில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த டிரம்மை உடனே திறக்காதீர்கள், வெளிவெப்பத்துக்கு வந்தபின் திறந்தால்தான் உள்ளே நீர் படியாது.

ஆக்சிஜனைப் பூஜ்ஜியமாக்க முடியுமா?

முடியாது, தேவையும் இல்லை. காற்று பட்ட எந்த உலோகத் துகளிலும் சில நானோமீட்டர் படலம் இருக்கும். அந்தப் படலம் துகளுக்குக் காவலும்கூட. மிக நுண்ணிய இரும்புப் பவுடரை முழுக்கச் சுத்தமாக்கி, சூடு ஆறுவதற்குள் காற்றில் கொட்டினால் தானாகப் பற்றிக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைச் சேர்த்துப் பழக்கித்தான் வெளியே எடுக்கவேண்டும்.

அலுமினியம், டைட்டானியம் பவுடரை இந்த டவரில் செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். உருகிய அலுமினியம் தண்ணீரோடு வெடிக்கும். டைட்டானியம் ஆக்சிஜனைத் தன் உள்ளுக்குள் கரைத்துக்கொள்ளும், மேற்பரப்பில் மட்டும் நிற்காது. விமான வேலைக்குப் போகும் கிரேடு 5 டைட்டானியத்தில் மொத்த அனுமதியே 0.20 சதவீதம்தான்.

3டி பிரிண்டிங்குக்கு வாட்டர் பவுடர் விற்கலாமா?

எந்த பிரிண்டிங் என்று கேளுங்கள். பசை ஊற்றி அடுக்கி, பிறகு சிண்டர் செய்யும் பைண்டர் ஜெட் முறைக்கும், எம்ஐஎம் (பவுடரைப் பசையோடு கலந்து அச்சுக்குள் செலுத்தும் முறை) வேலைக்கும் நுண்ணிய வாட்டர் பவுடர் போகிறது. லேசரால் அடுக்கடுக்காக உருக்கும் முறையில் துகள் உருண்டையாகச் சீராக ஓடவேண்டும், ஆக்சைடுகள் உருகிய குளத்தில் சேர்ந்து பாகத்துக்குள் துணுக்குகளாக நிற்கும். அதனால் அங்கே வாயுவில் செய்த பவுடர்தான் வழக்கம். ஊரில் விண்வெளி, விமான வேலை அதிகம் என்பதால் ஆசை வருவது புரிகிறது, ஆனால் அந்த வாடிக்கையாளர்கள் கேட்பது வேறு பவுடர்.

பவுடர் வாங்கும்போது ஆர்டரில் என்ன எழுதவேண்டும்?

“ஆக்சிஜன் 0.25க்குள்” என்று ஒரு வரி எழுதி விட்டுவிடாதீர்கள். எந்த முறையில் அளந்தது என்று எழுதுங்கள். சாம்பிள் எப்படி எடுக்கவேண்டும், பேக்கிங்கில் நைட்ரஜன் இருக்கவேண்டுமா, ஈரம் எவ்வளவு அனுமதி என்பதையும் சேருங்கள். ஸ்டெயின்லெஸ் என்றால் சிலிக்கான், மாங்கனீஸ் எல்லையைத் தனியாகப் போடுங்கள். மேல் எல்லையோடு கூட, லாட்டுக்கு லாட் எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதையும் பேசி முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு லாட்டிலும் நூறு கிராம் சீல் செய்து தேதி எழுதி இரண்டு தரப்பும் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துத் தகராறு வந்தால் பேசுவதற்கு அந்தப் பாக்கெட் இருக்கும்.